எதிரணியின் ஆமென்

என் தங்கை ஒரே ஒரு வார்த்தை சொன்னாள், நாங்கள் விவாதப் போட்டியின் அரையிறுதியில் தோற்றோம். அதுவும் அவள் பேச வேண்டிய நேரத்தில் சொன்ன வார்த்தை அல்ல. எதிரணியில் நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பையன் மைக்குக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான். நாங்கள் இருவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டுமா என்பது தலைப்பு. வேண்டும் என்பது எங்கள் கட்சி, வேண்டாம் என்பது அவன் கட்சி.

"தவறு செய்தால் மன்னிப்பு உண்டு என்று தெரிந்தவன்தான் துணிந்து வாயைத் திறப்பான்," என்றான் நெட்டை.

"ஆமென்," என்றாள் என் தங்கை.

முணுமுணுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் எங்கள் சபையில் எப்படிச் சொல்வோமோ அப்படி, கண்ணை மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து சொன்னாள். எங்கள் சபை கூடுவது ஒரு டயர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த கூடத்தில். கீழே சக்கரத்திலிருந்து டயரை நெம்பி அடிக்கிற சத்தத்தை மீறிச் சொன்னால்தான் அடுத்தவர் காதில் விழும். பேசத் தொடங்கிய நாளிலிருந்து அப்படிச் சொல்லிப் பழகிய வாய். முந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் அது கடைசி வரிசை வரைக்கும் போனது.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அரங்கமே சிரித்தது. நடுவர்களில் ஒருவர் பேனாவைத் தேடுகிற சாக்கில் மேசைக்குக் கீழே குனிந்து சிரித்தார். நெட்டை எங்கள் பக்கம் திரும்பி, "எதிரணிச் சகோதரிக்கு நன்றி. என் கட்சியை அவரே ஏற்றுக்கொண்ட பிறகு நான் உட்கார்ந்துவிடலாம் என்று நினைக்கிறேன்," என்றான். அதற்கும் கைதட்டல். என் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து கல்லூரியில் அவளுக்கு ஆமென் என்று பெயர். எனக்கு ஏற்கெனவே கத்தரி என்று ஒரு பெயர் உண்டு. அடுத்தவர் பேச்சை வெட்டுகிறவள் என்று அர்த்தம். திட்டுவதற்காக வைத்த பெயரைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு திரிந்தவள் நான். கத்தரிக்குப் பக்கத்தில் ஆமென், ஜோடிப் பொருத்தம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

மறுநாள் நான் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் மறைத்தேன் என்பீர்கள். எங்களுக்கு விவாதம் பயிற்றுவிக்கும் மிஸ் உண்மையில் வேதியியல் ஆசிரியை. ஆய்வகத்தை ஒட்டிய சின்ன அறையில், விளிம்பு உடைந்த கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். தங்கை வகுப்பில் இருந்த நேரமாகப் பார்த்து நான் தனியாகப் போனேன்.

"என் ஜோடியை மாத்திடுங்க மிஸ். ராக்கெட்டைப் போடுங்க," என்றேன். ராக்கெட் முதலாண்டு மாணவி. நிமிடத்துக்கு இருநூறு வார்த்தை பேசுவாள். அதில் நூறாவது புரியும்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "உன் கூடப் பொறந்தவ தானே அவ?"

"அதனாலதான் மிஸ் இவ்வளவு நாள் பொறுத்தேன்."

இந்தப் பதிலை இப்போது எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. மிஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அடுத்த மாசப் போட்டிக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் கொடுத்தாச்சு. அதை முடிங்க. அதுலயும் சரியா வரலேன்னா ராக்கெட். இதைத் தங்கச்சிகிட்ட நீயே சொல்லிடு, வேற யாராவது சொல்லித் தெரியக்கூடாது," என்றார். சரி மிஸ் என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், விவாதத்தை விட்டால் அவளுக்கு வேறு எதுவும் கிடையாது. எட்டாம் வகுப்பிலிருந்து என்னோடு மேடை ஏறுகிறாள். அவள் எடுத்த குறிப்புத் தாள் ஒவ்வொன்றையும் செருப்புப் பெட்டிகளில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாள். மற்றப் பெண்கள் தோழிகளோடு வெளியே போகும் நேரத்தில் அவள் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன் யாரோ ஒருவன் சொன்ன வாதத்துக்குப் பதில் யோசிப்பாள். அவளை மேடையிலிருந்து இறக்குவது என்றால் அந்தப் பெட்டிகளைத் தெருவில் எறிவதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அந்த வாரம் சாப்பாட்டு மேசையில் அப்பா, "அந்தப் பையன் அப்படி என்னதான் சொன்னான்?" என்று கேட்டார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போதும் ஒரு காது போனிலேயே இருக்கும், எங்காவது யாராவது இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

"தப்புத் தப்பா எழுதறவனுக்கும் மார்க் போடணுமாம்," என்றேன் நான்.

"அவன் அப்படிச் சொல்லலக்கா," என்றாள் தங்கை.

"பின்ன என்ன சொன்னான்?"

"பயந்துக்கிட்டே எழுதறவன் தெரிஞ்சதையும் எழுத மாட்டான்னு சொன்னான்."

போய்ப் பெட்டியிலிருந்து அன்றைய தாளை எடுத்து வந்தாள். என் தாளையும் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். விவாதக்காரர்கள் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிப்போம். இடது பக்கம் எதிராளி சொன்னது, வலது பக்கம் நம் பதில். என் இடது பக்கத்தில் நாலே வரி. என்னால் வெட்ட முடிந்ததை மட்டும் எழுதியிருந்தேன். வெட்ட முடியாதது எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை; அவன் சொல்லவே இல்லை என்பது போல. அவள் இடது பக்கம் நெட்டையின் வார்த்தைகள் அவன் சொன்னபடியே மேலிருந்து கீழ் வரை நிறைந்திருந்தன. சிலவற்றுக்கு ஓரத்தில் சின்னதாக ஒரு டிக்.

"இது என்ன டிக்?"

"உண்மைன்னு பட்டது."

"எதிரி பேச்சுக்கு மார்க் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தியா? அதனாலதான் வாய்ல வந்துடுச்சு."

"உண்மை அவன் வாயில வந்தா உண்மை இல்லாமப் போயிடுமாக்கா?"

அப்பா சிரித்தபடி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதிரிக் கேள்விக்கு மறுப்புரை கிடையாது. மறுப்புரை கிடையாத எதுவும் எனக்குப் பிடிக்காது.

அவளே ஒரு வழி சொன்னாள். இனிமேல் எதிரணி சொன்னதை முதலில் நம் வாயால் சொல்ல வேண்டும். எப்படி என்றால், அதைக் கேட்டு அவனே ஆமென் என்று சொல்லும்படி. அதற்குப் பிறகுதான் பதில்.

"அவனுக்கு நாமளே வக்கீலா போற மாதிரி இருக்கு," என்றேன்.

"நமக்கு ஒருத்தர் அப்படிப் போறாரே."

கடவுள் முன்னால் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் ஒருவர் உண்டு என்று வாராவாரம் அந்த டயர் கடை மாடியில் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். ஆனால் அதை நான் என் மனதில் வேறு மாதிரி வைத்திருந்தேன். பெரிய வக்கீல், என் பக்கம், மற்றவர்களை வாயடைக்கச் செய்வார். போட்டிக்கு முன் நான் செய்யும் ஜெபமும் அதே கணக்குத்தான்: ஆண்டவரே, ஜெயிக்க வையுங்கள். அவள் ஜெபம் எதிரணியின் தொண்டைக்கும் சேர்த்து நடக்கும். ஒருமுறை காதில் விழுந்து சண்டை போட்டேன். "அவங்களும் நல்லாப் பேசினாதானேக்கா நாம நல்லாப் பேச முடியும்," என்றாள். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சி சமையலறையில் தொடங்கியது. அம்மா மருத்துவமனை வார்டில் நர்ஸ். அன்று அவருக்கு இரவுப் பணி, கிளம்புவதற்கு முன் சீருடையில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் தேய்க்க, தங்கை துடைத்து அடுக்க வேண்டும். முதல் தலைப்பு, எங்கள் அறையில் ஜன்னலோரக் கட்டில் யாருக்கு. இரண்டு வருடமாக அதை விட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். அவள் கட்சியை நான் சொல்ல வேண்டும்.

"நீ சின்னவ. கேட்டது கிடைச்சே பழகிட்ட," என்றேன்.

"ஆமென் இல்ல."

"உனக்குக் காத்து வேணும்."

"ஆமென் இல்ல."

"வெளிச்சம். படிக்கணும். தெருவை வேடிக்கை பார்க்கணும். எனக்குக் கிடைக்கக்கூடாது."

ஒவ்வொன்றுக்கும் தட்டைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். எட்டாவது தடவைக்கு நான் பாத்திரத்தை நங்கென்று வைத்தேன். பத்தாவது தடவை, "சரி, எனக்குத் தெரியல, நீயே சொல்லித் தொலை," என்றேன்.

"அம்மா விடியக்காலையில வேலை முடிஞ்சு தெருமுனையில திரும்பறது அந்த ஜன்னல்ல தெரியும். மணி அடிச்சா நீ எழுந்துடுவ. அப்புறம் உனக்குத் தூக்கம் வராது, நாள் பூரா தலைவலின்னு சொல்லுவ. அதனால அம்மா மணி அடிக்கறதுக்குள்ள நான் போய்க் கதவைத் திறந்துடுவேன்."

கையில் நுரையோடு நின்றேன். நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா கோப்பையை வாயிலிருந்து எடுக்காமலே ஆமாம் என்று கண்ணால் சொன்னார். இரண்டு வருடம். அம்மாவிடம் சாவி இருக்கிறது, அதனால் மணி அடிப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சாவியே கிடையாதாம். தினமும் நான் வாயாடுகிற ஒருத்தியின் பக்கத்தில் ஆறடி தள்ளிப் படுத்துக்கொண்டு அவளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பதினோராவது தடவை அவள் சொன்னதையே நான் திருப்பிச் சொன்னேன். அவள் ஆமென் என்றாள். அந்த வார்த்தையை ஒருவரிடமிருந்து வாங்குவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மூன்று வாரம் இதே வேலை. நெட்டையின் பழைய வாதங்கள், ராக்கெட்டின் வாதங்கள், குழாயைச் சரியாக மூடாதது யார் என்ற அப்பாவின் வாதம், எல்லாவற்றையும் எடுத்தோம். நான் பதினொன்றிலிருந்து ஏழுக்கு வந்தேன், பிறகு நாலுக்கு. கேட்டால் சின்ன விஷயம். ஒருவர் பேசும்போது அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நினைக்காமல் கேட்டுப் பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்க முடியும். அந்த மூன்று வாரமும் தினமும் ராக்கெட் விஷயத்தைச் சொல்லிவிட நினைத்தேன். தினமும் நாளைக்கு என்று தள்ளினேன்.

மிஸ் சொன்ன அந்தப் போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டோம். அங்கே எங்களுக்கு எதிரே, சொல்லவே வேண்டாம், நெட்டையும் அவன் ஜோடியும்.

தலைப்பை அரை மணி நேரத்துக்கு முன்புதான் அறிவிப்பார்கள். மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரம் என்ற விதியை நீக்க வேண்டும். நாணயம் சுண்டியதில் நாங்கள் எதிர்த்துப் பேச வேண்டும் என்று வந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மா நர்ஸ், வார்டுக் கதை கேட்டே வளர்ந்த வீடு, இதைவிட என்ன வேண்டும். தயாரிப்புக்குக் கொடுத்த அறையில் பழைய நாற்காலிகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். கிடைத்த இடத்தில் தரையில் உட்கார்ந்து நான் வேகமாக எழுதத் தொடங்கினேன். தங்கை எழுதவில்லை.

"தலைப்பைப் படிச்சதும் அவன் முகத்தைப் பார்த்தியாக்கா? தண்ணி குடிக்கப் போனவன் ரொம்ப நேரமா வரல," என்றாள்.

"அவன் தண்ணி குடிச்சா நமக்கென்ன? எழுது."

நெட்டையின் ஜோடி முதலில் பேசினான். அடுத்து நான். அவன் கட்சியை ஒரே வாக்கியத்தில் மருந்து விழுங்குகிற மாதிரிச் சொல்லி முடித்துவிட்டு, நோயாளியின் தூக்கம், தொற்று, செவிலியரின் வேலை என்று என் வெட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று வாரப் பயிற்சி மைக்கைப் பார்த்ததும் எங்கேயோ போய்விட்டது. ஆனால் நன்றாகத்தான் பேசினேன். நடுவர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு நெட்டை எழுந்தான். வழக்கமான மேடைத் தமிழில்தான் ஆரம்பித்தான். இரண்டு நிமிடம் போனதும் நிறுத்தினான். கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தான்.

"எங்க அப்பா போன வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தாரு," என்றான். மேடைத் தமிழ் கழன்று விழுந்துவிட்டது. "நாலு மணிக்குத்தான் கேட்டைத் திறப்பாங்க. நான் மூணு இருபதுக்கே போயிட்டேன். கேட்டுக்கு வெளிய நின்னேன். மூணு நாப்பதுக்கு அப்பா போயிட்டாரு. உள்ள இருந்து ஒருத்தர் வந்து சொன்னாரு. அப்பவும் கேட்டைத் திறக்கல. நாலு மணிக்குத்தான்னுட்டாங்க."

இன்னும் இரண்டு நிமிடம் மீதி இருந்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

என் கை தானாக எழுதிக்கொண்டிருந்தது. ஒருவரின் துயரம் எல்லாருக்குமான விதி ஆகாது, தவறு காவலாளியுடையது, நேரத்தினுடையது அல்ல. தர்க்கப்படி ஒரு பிழை சொல்ல முடியாத பதில். அடித்தால் அதோடு போட்டி முடிந்தது. அந்தத் தாளைக் கிழித்துத் தங்கையின் பக்கம் தள்ளினேன். எங்கள் அணியில் அடுத்துப் பேச வேண்டியவள் அவள்தான். அவள் தோற்றால் அவள் இடம் போய்விடும் என்று இருவரில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவளைக் காப்பாற்றுகிறேன் என்றே நினைத்தேன்.

அவள் படித்தாள். நாலாக மடித்துத் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் வைத்தாள். எழுந்து மைக்குக்குப் போனாள். நடுவர்களைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னதை முதல்ல நான் சொல்லிப் பார்க்கிறேன். தப்பா இருந்தா நிறுத்துங்க," என்றாள்.

நெட்டை தலையை நிமிர்த்தினான்.

"நீங்க நேரத்தைப் பத்திப் பேசல. அந்த இருபது நிமிஷம் உங்க அப்பா வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தாரோன்னு உங்களுக்கு இருக்கு. நீங்க வெளியதான் நிக்கிறீங்கன்னு அவருக்குத் தெரியாது. புள்ள வரலேன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரோன்னு, அது உங்களை விடல. விதியை எழுதினவங்களுக்கு அது நாலு மணி. உங்களுக்கு அது, 'வந்துட்டேம்ப்பா'ன்னு சொல்ல முடியாமப் போன ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல விடாத விதி, வேற எவ்வளவு நல்லது பண்ணாலும் நியாயமான விதி இல்ல. இதுதானே நீங்க சொன்னது?"

அவன் சொன்னது இதில் பாதிகூட இல்லை. ஆனால் அவன் சொல்ல வந்தது முழுவதும் இதுதான் என்று அந்த அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. நெட்டை எழுந்து நின்றான். அவன் முன்னால் மைக் இல்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"ஆமென்," என்றான்.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எங்கள் சபையில் பல்லாயிரம் முறை கேட்ட வார்த்தை, நானே யோசிக்காமல் சொன்ன வார்த்தை, அன்றைக்குத்தான் முதல்முதலாக அதைக் கேட்டேன். இரண்டு கட்சிக்கும் நடுவில் இருந்த அந்த வெறும் தரையில் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாகக்கூட இருந்தது. என் தங்கையைப் பார்த்தேன். பாத்திரம் துடைக்கிற அதே முகம். அவள் என்ன செய்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரியே இல்லை.

"அதனால அதை நாங்க ஒத்துக்கிறோம். கடைசி நேரத்துல இருக்கறவங்களுக்குக் கேட்டே இருக்கக்கூடாது," என்றாள். நடுவர் ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆனா எங்க அம்மா வேலை பார்க்கிற வார்டுல பதினெட்டுக் கட்டில் இருக்கு. பதினோராம் கட்டில்ல இருக்கறவரைப் பார்க்க ஆறு வாரமா யாரும் வரல. பார்வையாளர் நேரம் வந்தா அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாராம். நேரம் முடிஞ்சு மணி அடிச்சதும் இந்தப் பக்கம் திரும்புவாராம். அதுக்கப்புறம் பதினெட்டுப் பேரும் ஒண்ணுதான். யாருக்கும் யாரும் இல்ல, நர்ஸ் மட்டும்தான். அப்பதான் அவர் சாப்பிடுவாராம். கேட் நாள் பூரா திறந்திருந்தா, அவர் நாள் பூரா சுவரைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கணும். அவருக்காகப் பேச இந்த ஊர்ல யாரும் இல்ல. அதனால நான் பேசறேன்."

மணி அடித்தது. நெட்டை இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான்.

இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்ட நடுவர், இவ்வளவு ஒத்துக்கொண்டால் விவாதம் எதற்கு என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. தங்கை அதற்கும் தாளில் ஒரு டிக் போட்டாள். நெட்டை வந்து அவளிடம் கை குலுக்கினான். "நான் என்ன நெனச்சேன்னு எனக்கே தெரியாது. நீங்க சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது," என்றான். சொல்லிவிட்டுத் தன் ஜோடியிடம் திரும்பிப் போய்விட்டான்.

மிஸ் வெற்றிக் கோப்பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. தங்கையின் தலையில் கை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவளையாடி மாத்திடுங்கன்னு என்கிட்ட வந்து நின்ன? ராக்கெட்டைப் போடணுமாம். நல்லவேளை, நான் அவசரப்படல," என்றார்.

நான் சொல்லியிருப்பேன் என்று நம்பித்தான் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. யாரோ கூப்பிட, கையெழுத்துப் போடப் போய்விட்டார். தங்கை என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்தாள், நாலாக மடித்த என் தாளையும் எடுத்து வைத்தாள், ஜிப்பை மூடினாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடத்தை விட்டேன். அதற்காவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். கோப்பை அவள் மடியில் இருந்தது. மூன்று நிறுத்தம் வரை நான் மனதுக்குள் என் கட்சியைத் தயார் செய்தேன். அணியின் நலன், மிஸ்ஸின் முடிவு, சரியான நேரம் பார்த்துச் சொல்ல இருந்தேன். அத்தனையும் வெட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

"நான்தான் கேட்டேன். நீ ஆமென்னு சொன்ன மறுநாளே போய்க் கேட்டேன். உன்கிட்ட சொல்லச் சொன்னாங்க. சொல்லல," என்றேன்.

கோப்பையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இரு. முதல்ல உன் பக்கத்தை நான் சொல்லிப் பார்க்கிறேன்," என்றாள்.

"வேண்டாம்டி. எனக்குப் பக்கமே இல்ல."

"தப்பா இருந்தா நிறுத்து." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஸ்கூல்ல யார் என்னைப் பார்த்துச் சிரிச்சாலும் நீ திரும்பி நின்னு அவங்க வாயை அடைச்சிடுவ. அன்னைக்கு முந்நூறு பேர் சிரிச்சாங்க. உன்னால ஒண்ணும் பண்ண முடியல. இவ இனிமே மேடை ஏறினா இனிமேயும் சிரிப்பாங்க, அதை உட்கார்ந்து பார்க்க என்னால முடியாதுன்னு உனக்கு இருந்திருக்கு. கோபம்னு நீ நெனச்சுக்கிட்ட. பாதி கோபம். பாதி பயம். சரியா?"

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் இப்படிப் பேசியதில்லை. வாயே மூலதனமாக வைத்திருக்கிற நான்கூட எனக்காக இவ்வளவு நன்றாகப் பேசியிருக்க மாட்டேன். அந்தப் பயம் எனக்குள் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதும் அது அங்கேதான் இருந்தது. நமக்காகப் பரிந்து பேசுவது என்றால் என்ன என்று இருபது வருடம் கேட்டும் பிடிபடாதது, ஒரு பஸ் இருக்கையில் எனக்குப் பிடிபட்டது. குற்றம் எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அடிபட்டவளே எழுந்து எனக்கு வக்கீலாக நிற்கிறாள்.

ஆனால் பொய்க்கு ஆமென் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி.

"பாதி இல்ல. முக்கால் கோபம்," என்றேன்.

"சரி. முக்கால் கோபம், கால் பயம்."

"ஆமென்," என்றேன்.

"இப்ப என் பதில்."

"சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். உதடு கோணிக்கொண்டு போனது. அரங்கில் அத்தனை பேருக்கு நடுவில் தடுமாறாதவள் கோப்பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இரு, நான் சொல்லிப் பார்க்கிறேன்," என்றேன். "மாத்தச் சொன்னதுகூட உனக்குப் பெருசா இல்ல. அதுக்கப்புறம் மூணு வாரம் தினமும் சமையல்கட்டுல உன் முகத்தைப் பார்த்து நின்னேன். நீ எனக்கு எப்படிக் கேக்கறதுன்னு கத்துக்கொடுத்துக்கிட்டு இருந்த. நான் இதை உள்ள வச்சுக்கிட்டே கத்துக்கிட்டேன். அதுதான் உனக்கு வலிக்குது."

பத்துத் தடவை மறுப்பாள் என்று தயாராக இருந்தேன். எத்தனை தடவை ஆனாலும் சொல்வது என்றும் முடிவு செய்திருந்தேன்.

"ஆமென்," என்றாள் என் தங்கை.

முதல் தடவையிலேயே. கண்ணை மூடிக்கொண்டு, கன்னத்தில் தண்ணீர் வழிய, டயர் கடை மாடியில் சொல்கிற அதே குரலில், அடிவயிற்றிலிருந்து. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பினார். கம்பியைப் பிடித்து நின்றவர்கள் திரும்பினார்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.